மீராமுகைதீனின் உயரம்

மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிற ஆள் ஊர் முழுக்கப் பயணம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இலங்கையின் கிழக்கில், கல்முனைப் பக்கத்தில் இது எழுதாத சட்டம். வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கோங்க" என்று கேட்க வேண்டும். அவர்களும் "பொருந்திட்டம், எங்களுக்கும் துஆ செய்ங்க" என்று மன்னித்து, தங்களுக்காகவும் இறைவனிடம் கேட்கச் சொல்வார்கள். ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பினால் அந்த வீட்டு வேலை முடிந்தது. முபாறக் பத்து நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தான். நாற்பது வீடு ஏறி இறங்கியதில் வயிற்றுக்குள் பிளேன்டீ குளமாய்க் கிடந்தது.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடு. வரிப்பத்தான்சேனையில் மீராமுகைதீன் வீடு. முதல் நாளே போயிருக்க வேண்டிய வீடு அது. ஒருநாள் மழை, ஒருநாள் மோட்டார் சைக்கிளில் காற்று இல்லை, ஒருநாள் கடையில் நிற்க ஆள் இல்லை. இப்படிப் பின்னுக்குப் போய்ப் போய் அது கடைசி வீடாகிவிட்டது. தனக்குத்தானே சாட்டுச் சொல்வதில் முபாறக்கை வெல்ல ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது மழையும் இல்லை, டயரில் காற்றும் இருந்தது, கடையிலும் ஆள் நின்றது. வேறு வழியில்லாமல் சைக்கிளை உதைத்தான்.

நாற்பது வீட்டிலும் கேட்ட பொருத்தம், அந்த மன்னிப்பு, சம்பிரதாயத்துக்கு. இந்த ஒரு வீட்டில் கேட்க வேண்டியதுதான் உண்மையான பொருத்தம். அது கிடைக்காமல் மக்காவில் கஃபாவுக்கு முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது என்று காரைதீவுச் சந்தி தாண்டும்வரை யோசித்தான். சம்மாந்துறை தாண்டியும் அதையேதான் யோசித்தான்.

விஷயம் ஆறு வருடத்துக்கு முந்தியது. உலகக் கால்பந்துச் சங்கமான பீபா சேர்த்துக்கொள்ளாத அணிகள் இந்த உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. நாடில்லாத இனங்கள், தனிக்கொடி கிடைக்காத தீவுகள், வரைபடத்தில் பேர் போடாத மலைப்பக்கங்கள். அவர்களெல்லாம் கூடி, தங்களுக்கென்று ஒரு கிண்ணம் வைத்து விளையாடுகிறார்கள். அதில் 'கிழக்குக் கரை' என்று நாமும் ஓர் அணியை இறக்கலாம் என்று கண்டுபிடித்தவர் அப்துல் ஹமீட். கல்முனையில் பிறந்து லண்டனில் கடை வைத்திருப்பவர். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், முஸ்லிம் பொடியன்களும் தமிழ்ப் பொடியன்களும் ஒரே சட்டையில். ஆளெடுக்கிற பொறுப்பை முபாறக்கிடம் கொடுத்தார். அப்போது நிலவொளிக் கழகத்துக்கு அவன்தான் பயிற்சியாளன்.

"பதினெட்டுப் பேர். யார் யாரெண்டு உங்கட இஷ்டம்" என்றார் ஹமீட் தொலைபேசியில். "எனக்கு ஆட்டம் தெரியா, யாவாரம்தான் தெரியும். நான் ஒரு பேருக்கும் வாய் திறக்க மாட்டன்."

அவர் சொன்னபடியே கடைசிவரை வாய் திறக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டில் இரண்டு கோல் கீப்பர்கள். பாண்டிருப்புத் தினுஜன் ஒருவன். வயது பத்தொன்பது, நல்ல துடிப்பு, ஆனால் இன்னும் பழுக்கவில்லை. மற்றவன் மீராமுகைதீன். அவனைப் பற்றி யாரும் யோசிக்கவே தேவையில்லை. ஒன்பது வருடமாக நிலவொளியின் கோலுக்குள் நின்றவன், முபாறக்கைக் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவன். அடிக்கிறவன் காலைத் தூக்கும்போதே பந்து எந்த மூலைக்கு வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஹமீட்டின் பேச்சு ஊருக்கு வந்த கிழமையே போய்ப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்த முதல் ஆளும் அவன்தான். தெருவில் யாரைக் கண்டாலும் நிறுத்தி வைத்து அணியைப் பற்றியே கதைப்பான். "நாடு கேக்காட்டி என்ன, கரை கேக்குதே" என்று சிரிப்பான்.

இதற்கிடையில்தான் முபாறக்கின் மாமி கதவுக்குப் பின்னால் வந்து நின்றா.

இந்தப் பக்கத்தில் ஆம்பிளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். முபாறக் படுக்கிற அறையும், சைக்கிள் விடுகிற முற்றமும், கடை போட்ட முன்பக்கமும் மாமி சல்மா உம்மா தன் மகளும் முபாறக்கின் பெண்சாதியுமான பஸ்னாவுக்குக் கொடுத்தது. மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வா, மருமகன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மகள், உங்கட அவருக்கிட்டச் சொல்லு. றிஸ்கானும் பந்துக்குப் போற புள்ளதானே. அவனையும் அந்தப் பேருக்குள்ள போட்டாக் குறைஞ்சா போயிரும்? அங்க போய் இறங்கினாக் காணும், அதே போதும். மிச்சத்த அவன் பார்த்துக்குவான்."

றிஸ்கான் பஸ்னாவின் தம்பி. ஆறடி உயரம், நல்ல வடிவான ஆள், பந்தைக் கண்டால் கண்ணை மூடுவான். கழகத்தில் மூன்றாவது கோல் கீப்பர். நான்காவது ஆள் இல்லாதபடியால் மூன்றாவது. 'மிச்சத்த அவன் பார்த்துக்குவான்' என்றால் என்ன என்று முபாறக்குக்கு விளங்காமல் இல்லை. போனவன் திரும்பி வரமாட்டான் என்பதுதான் அது. விளங்கியும் வாயை மூடிக்கொண்டிருந்தான். பஸ்னா அன்றைக்குச் சோறு போடும்போது ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமை முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டின் கதவு, சுவர், கோப்பை எல்லாமாகச் சேர்ந்து கேட்டன. எட்டாம் நாள் அவன் மீராவின் பேரை வெட்டி றிஸ்கானின் பேரை எழுதினான்.

தினுஜனை வெட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். தமிழ்ப் பொடியனை வெட்டினால் ஊர் வேறு கதை கதைக்கும் என்று பயந்தான். மீரா நம்முடைய ஆள், பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தான். பொறுக்கிற ஆள் தலையில்தான் எல்லாரும் பாரத்தை வைக்கிறோம்.

அதையாவது நேராகச் சொன்னானா? இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில், பூட்சைக் கழற்றிக்கொண்டிருந்த மீராவிடம் போய் நின்று, "லண்டன் கொமிட்டி ஒரு சட்டம் போட்டிருக்காங்கடா. கோல் கீப்பர் ஆறடி இரிக்கணுமாம், உன்ட உயரம் காணாதாம். உனக்காக எவ்வளவோ கதைச்சன், கேக்கிறாங்க இல்ல" என்றான். அப்படி ஒரு சட்டம் எந்தக் கொமிட்டியும் போடவில்லை. வாயில் வந்தது, அவ்வளவுதான். றிஸ்கானிடம் இருந்ததும் மீராவிடம் இல்லாததும் அந்த ஐந்து அங்குலம் மட்டும்தான்.

மீரா பூட்ஸ் நூலை விரலில் சுற்றினான். "நான் அஞ்சடி ஏழு காக்கா" என்றான். பிறகு, "பயணத்துக்கு இன்னும் எத்தின நாள் இரிக்கி?" என்று கேட்டான்.

"ரெண்டு மாசம். ஏன்?"

"சும்மா கேட்டன்."

அந்தச் சும்மாவின் அர்த்தம் அடுத்த கிழமை தெரிந்தது. காலையில் மைதானத்துப் பக்கமாக வந்த முபாறக், கோல் போஸ்டின் மேல்கம்பியில் மீரா தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டான். இருபத்தேழு வயது ஆம்பிளை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, காலில் செங்கல் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தொங்கினான். தொங்கினால் உயரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஓடிப்போய், "இறங்கடா, நான் சொன்னது பொய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முபாறக் சைக்கிளைத் திருப்பி வேறு வீதியால் போனான். அவனுடைய வாழ்க்கையில் அவன் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான். பேரை வெட்டியதுகூட அதற்குப் பிறகுதான் வரும்.

போன கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், அதில் சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரம், மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்தில் தினுஜன் உயிரைக் கொடுத்துப் பிடித்து ஒன்றுக்கு ஒன்று சமன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு றிஸ்கான் வரவில்லை. பையை விட்டுவிட்டு, பாஸ்போட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். இரண்டாவது ஆட்டத்தில் தினுஜனின் மணிக்கட்டு முறிந்தது. மாற்றுக் கோல் கீப்பர் எங்கே என்று நடுவர் கேட்டார். பின்களத்தில் நின்ற ஒரு பொடியனுக்குக் கையுறையைப் போட்டு உள்ளே விட்டார்கள். அந்த ஆட்டத்திலும் அடுத்ததிலும் சேர்த்துப் பதினாலு கோல் விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போது, இதை மீரா பிடித்திருப்பான், இதையும் பிடித்திருப்பான் என்று முபாறக்கின் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அடுத்த கிண்ணத்துக்கு அழைப்பு வந்தது. ஒருவன் ஓடிய அணிக்கு விசா இல்லை என்று பதினெட்டுப் பேரையும் தட்டிவிட்டார்கள். கிழக்குக் கரை அணி அதோடு சரி. நீலச் சட்டைகள் ஹமீட்டின் தங்கச்சி வீட்டு அலுமாரியில் கிடக்கின்றன. ஊரில் றிஸ்கானைத் திட்டுகிறவர்கள் உண்டு, முபாறக்கைத் திட்டுகிறவர் ஒருவரும் இல்லை. றிஸ்கானும் இப்போது நன்றாக இருக்கிறான். அக்காவுக்கும் மச்சானுக்கும் உம்றா டிக்கெட் அனுப்பியதே அவன்தான்.

மீரா அந்தக் கம்பியிலிருந்து இறங்கிய பிறகு கோலுக்குள் நிற்கவே இல்லை. கழகம் கூப்பிட்டது, வரவில்லை. பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்குக் கோல் காக்கப் பழக்கச் சொல்லிக் கேட்டார்கள். "கட்டையனுக்கு என்ன தெரியும், உயரமான ஆளாப் பாருங்க" என்று சொல்லிவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன் வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்து, பெண்சாதி ஸம்றாவின் வீட்டோடு வயல்காரனாகிப் போனான்.

முபாறக் போனபோது மீரா வீட்டுக்கு முன்னால் தார் வீதியில் நெல் காயப்போட்டு, வெறுங்காலால் கிளறிக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, முபாறக் காக்கா! பயணமெண்டு கேள்விப்பட்டன். என்னைய மறந்திட்டீங்களோ எண்டு நினைச்சன். ஸம்றா, காக்காக்குத் தேத்தண்ணி ஊத்து!"

வாசலுக்கு வந்து சலாம் சொன்ன ஸம்றா நிறைமாதமாக இருந்தாள். முபாறக் நெல்லை மிதிக்காமல் ஓரமாக நின்றான். வழியெல்லாம் வேறு வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தான். வெளியில் வந்தது நாற்பது வீட்டில் சொன்ன அதே வசனம்தான்.

"மீரா, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா..."

"பொருந்திட்டன் காக்கா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டன்." முடிக்கவே விடவில்லை அவன். "நீங்க எனக்கு என்ன பிழை செஞ்சீங்க? எனக்காக லண்டன்காரங்களோட மல்லுக்கட்டினீங்க. நான் கட்டையாப் பிறந்ததுக்கு நீங்க என்ன செய்யிற?"

கிடைத்துவிட்டது. இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். போய்விடு என்றுதான் உள்ளே ஒரு குரல் சொன்னது, அது அவனுக்கு நன்றாகப் பழகிய குரல். முபாறக் ஸம்றா கொண்டுவந்த கோப்பையைக் காலி பண்ணிவிட்டுச் சைக்கிள் பக்கம் திரும்பினான்.

"காக்கா, ஒரு துஆ." மீரா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான், கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. "அடுத்த மாசம் புள்ள கிடைக்கும். கஃபாவைக் காணக்குள்ள கேளுங்க. புள்ள உயரமா வளரணும். என்னைய மாதிரிக் கட்டையா நிண்டிரக் கூடா. வேற ஒண்டும் வேணா."

முபாறக் சைக்கிள் பக்கம் போகவில்லை. நெல்லின் ஓரத்திலேயே குந்திவிட்டான்.

"அப்படி ஒரு சட்டம் இல்லடா."

"என்ன சட்டம்?"

"ஆறடிச் சட்டம். லண்டன்ல ஒருத்தரும் போடல்ல. ஹமீட் ஒரு பேரும் சொல்லல்ல. நான்தான் உன்ட பேர வெட்டினன். றிஸ்கான அனுப்புறதுக்கு. மாமிக்குச் சொல்ல ஏலாம, பெண்சாதிக்குச் சொல்ல ஏலாம, உனக்குப் பொய் சொன்னன். நீ கம்பியில தொங்கினதையும் கண்டன். கண்டும் போயிட்டன்."

மீரா திரும்பினான். நெல்லுக்குள் இறங்கினான். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் காலால் ஒரு சால் இழுத்தான், திரும்பி இன்னொன்று இழுத்தான். ஒரு பேருந்து வந்து, நெல்லுக்கு ஒதுங்கி மெதுவாகப் போனது. மூன்றாவது சாலின் நடுவில் நின்று கேட்டான்.

"அப்ப என்ட உயரம் காணுமா?"

அவன் கோபப்பட்டிருக்கலாம், கையை ஓங்கியிருக்கலாம். முபாறக் அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தான். இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை.

"காணும்டா" என்றான். அழுகை வந்துவிட்டது. "எப்பவும் காணும். உன்னைப் போல ஒரு கீப்பர் இந்தக் கரையிலயே இல்ல."

மீரா தலையை ஆட்டினான். முப்பத்து மூன்று வயதில் அவனுடைய தாடியில் இரண்டு மூன்று நரை தெரிந்தது. இனி எந்தக் கோலுக்குள்ளும் போய் நிற்கிற வயது இல்லை, நிற்க அந்த அணியும் இல்லை.

"பொருந்திக்கோ மீரா" என்று கேட்டான் முபாறக். இந்த முறை சம்பிரதாயமில்லை.

"முந்திச் சொன்னது தெரியாமச் சொன்னது காக்கா. இப்ப உடனே சொல்ல வாய் வருதில்ல. நீங்க போயிட்டு வாங்க."

முபாறக் எழும்பிச் சாரத்தில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டினான். சைக்கிளில் ஏறி, உதைக்க மனமில்லாமல் இருந்தான். ஏதாவது ஒன்று கையில் கொண்டுபோக வேண்டும் போல இருந்தது.

"அந்த துஆவ நான் கட்டாயம் கேக்கிறன்டா. புள்ளைக்கு."

"வேணா." மீரா நெல்லைப் பார்த்தபடியே சொன்னான். "அதக் கேக்க வேணா. என்ட உயரமே காணுமெண்டுதானே இப்ப சொன்னீங்க."