ஜிபாராவுக்கு ஆகாத புகை

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. மறைப்பானேன்? பிஷ்கெக் நகரத்தில் எங்கள் குடியிருப்பின் முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, மூன்றாம் மாடி ஜிபாராவைப் பற்றி, "சீக்குன்னா ஊருக்கெல்லாம் வர்ற மாதிரி வரணும். இவளுக்கு மட்டும் என்ன ராணி சீக்கு?" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மேலே வந்து எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் கதை கெட்டுப்போகும் என்பார்கள். கெடட்டும்.

2

முதல் தொடக்கம்: வசந்தத்தின் இளங்காற்றுக்காக ஜிபாரா சன்னலைத் திற—

இல்லை. அவள் சன்னலைத் திறப்பதில்லை. கீழே எவனாவது வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டாம் தொடக்கம்: ஜிபாரா களைப்பாக இருந்தாள்.

இது இன்னும் மோசம். களைப்பு என்றதும் நீங்கள் உங்கள் களைப்பை நினைத்துக்கொள்வீர்கள். ஒரு தூக்கம் போட்டால் போய்விடுகிற களைப்பு அது. அவளுடையது ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு தூங்கினாலும் தீராதது. தலை வாரினால் அன்றைய தெம்பு தீர்ந்தது. அதன் பின்னாலேயே மற்றவையும் வந்தன. சலவைத்தூள், சென்ட், பெயின்ட், புகை, எது ஒரு மூச்சு உள்ளே போனாலும் நாக்கு மரத்து, கை நடுங்கி, வாரக்கணக்கில் படுக்கை. ஊரே மருந்தென்று குடிக்கிற குதிரைப்பால்கூட ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் திமிர் என்றார்கள்.

(ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்றார் டாக்டர், அறை முழுக்கத் தன் சென்ட் மணக்க. தன் கருவியில் சிக்காததை மனப்பிரமை என்று சொல்ல இத்தனை வருடம் படிக்க வேண்டியிருக்கிறது.)

3

மகன் உலானுக்குக் கல்யாணம். மருமகள் வாசல் தாண்டும்போது கண்ணேறு கழிய ஆர்ச்சா என்கிற மலைமரத்தின் தழையைக் கொளுத்தித் தலையைச் சுற்றிப் புகை போடுவார்கள். அப்புறம் மாமியார் அவளுக்கு வெள்ளை முக்காடு கட்டுவாள். ஜிபாராவுக்கு வேண்டியதெல்லாம் அந்த முக்காட்டைத் தன் கையால் கட்டுவது ஒன்றுதான். அதற்காகவே பல நாளாக எழுந்து நடமாடாமல் தெம்பைச் சேர்த்துவைத்திருந்தாள்.

முந்தின வாரம் கணவனின் அக்கா ஷைர்குல் வந்தாள்.

"அக்கா, புகை மட்டும் வேணாம். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"புகை போடாம மருமகள உள்ள கூப்பிட இது என்ன ஓட்டலா? ஒனக்கு ஆகலைன்னுதான்டி ரெட்டிப்பாப் போடப்போறேன். பட்ட கண்ணெல்லாம் கழிஞ்சா எந்திரிச்சு ஓடுவ பாரு."

"அதுதான்க்கா என்னைச் சாய்க்கிறதே."

"மலையில வளர்ற தழைடி! அது என்ன கெமிக்கலா?"

கணவன் தாலாய் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "ரெண்டு நிமிஷந்தானே, பொறுத்துக்கயேன்" என்றான். மூச்சை அடக்கிக் காட்டச் சொன்னால் அரை நிமிஷம் தாங்கமாட்டான்.

"முடியலைன்னா உள்ள படுத்துக்க. முக்காட நான் கட்டிவிடுறேன்" என்றாள் ஷைர்குல். என்ன தாராளம்!

(ஷைர்குலைக் கொஞ்சம் நல்லவளாக எழுதலாமா என்று யோசித்தேன். உண்மையில் நல்லவள்தான். வாராவாரம் பஸ் ஏறி வந்து ஜிபாராவுக்கு சூப் வைத்துக் கொடுத்தவள். அன்பாலேயே ஆளைத் தீர்த்துக்கட்டுகிறவர்கள் உண்டு.)

4

கீழே கல்யாணக் கார்கள் ஹாரன் அடித்தன. ஷைர்குல் வாணலியில் தழையைக் கொளுத்தினாள். ஜிபாரா கண்ணாடி போட்ட பால்கனிக்குள் போய்த் தாழிட்டு, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தாள்.

"நோய் நொடியெல்லாம் போ, போ!" என்று உள்ளே வாணலியைச் சுற்றும் ஷைர்குலின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வாழ்த்திக் கூவினார்கள். முக்காடு கட்டியாயிற்று. ஜிபாரா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

5

முடிவு ஒன்று: ஜிபாரா புகையில் மயங்கி விழுகிறாள். "நம்பாமப் போயிட்டேனே!" என்று ஷைர்குல் மார்பில் அடித்துக்கொள்கிறாள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும், தெரியும். அவள் விழுந்து காட்டினால்தான் நம்புவீர்கள். எழுதமாட்டேன்.

முடிவு இரண்டு: புகை பட்டதும் அவளுக்குக் குணமா— சீ.

முடிவு மூன்று: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகள் அயீம் வந்து நிற்கிறாள். முக்காட்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருக்கிறாள்.

"அத்தே, நீங்க கட்டிவிட்டாத்தான் கட்டிக்குவேன். கதவத் திறங்க."

அவள் கொண்டையில் ஒரு டப்பா ஸ்பிரே. உடுப்பு முழுக்க ஆர்ச்சாப் புகை. பின்னால் ஷைர்குல், தாலாய், சொந்தபந்தம் அத்தனையும். திறந்தால் எத்தனை மாதப் படுக்கையோ. திறக்காவிட்டால், வந்த மருமகள் முகத்தில் கதவைச் சாத்தியவள் என்ற பெயர் சாகும்வரை. அந்தப் பெண்ணை ஜிபாராவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, அதுதான் கொடுமை. எழுந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. திற என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? எதையாவது சொல்லுங்கள், உங்களுக்கென்ன! நாளைக்குப் படுக்கப்போவது நீங்களில்லை.