டீக்கறை என்றால் எலிஃபன்ட்

இங்கிலீஷ் டீச்சர் உட்கார்ந்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. இரண்டாம் வகுப்பு அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் பந்து, துணிப்பை, விசில், ஈ அடிக்கும் மட்டை இரண்டு என்று அவளைத் தவிர மற்ற எல்லாம் உட்கார்ந்திருந்தன. வழக்கமாகவே அப்படி. அன்றைக்கோ அவளுக்கு நிலைகொள்ளவே இல்லை. சன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல நடந்துகொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. மறுநாள் காலை பள்ளி நிர்வாகியும் பெற்றோர்களும் அவள் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால், ஆட்டம் போட்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் அவளுடைய பாடவேளை நிலைக்கும். பிடிக்காவிட்டால் பிள்ளைகள் பழையபடி நாலு கோடு நோட்டில் பார்த்து எழுத உட்கார வேண்டியதுதான். அவளும் வாத்தியார் வராத வகுப்புகளுக்குக் காவல் போக வேண்டியதுதான்.

அவளுடைய ஆட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கூச்சல். உள்ளே அதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். சேர்ந்து சொல்லும்போது குரல் பெரிய நாலு பிள்ளைகள் வண்டியை இழுப்பார்கள், மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு சவாரி போவார்கள். அதனால் அடுத்த சுற்றில் வரிசை வரிசையாக, பிறகு இருவர் இருவராக, கடைசியில் ஒவ்வொருவராகச் சொல்ல வைப்பாள். அலுக்காமல் இருக்க ஒருமுறை எறும்பு மாதிரி, ஒருமுறை பூதம் மாதிரி. நீளமான வாக்கியமாக இருந்தால் வாலிலிருந்து தொடங்குவாள். முதலில் ‘இன் த பாக்ஸ்’, அப்புறம் ‘எ கேட் இன் த பாக்ஸ்’, அப்புறம்தான் ‘தேர் இஸ் எ கேட் இன் த பாக்ஸ்’. முன்னாலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் பாதி வழியில் மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு போனால், போகப்போகத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்கிற தைரியம் இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மட்டை ஆட்டம். படமில்லாமல் இங்கிலீஷில் சொல் மட்டும் எழுதிய அட்டைகளைத் தரையில் பரப்புவாள். இரண்டு பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு மட்டையோடு நிற்பார்கள். அவள் ஒரு சொல்லைக் கூவினால், அந்த அட்டையை முதலில் அடிக்கிறவர் கட்சிக்கு ஒரு புள்ளி. இதில் இரண்டாம் வகுப்பு புலி. அவள் வாயை மூடுவதற்குள் மட்டை விழும். ஒருநாள் எட்டிப்பார்த்த பெரிய டீச்சரே அசந்துபோனார். தலைமை ஆசிரியை என்பது நோட்டீஸ் பலகையில் மட்டும்தான். மற்றபடி எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர். “சார், இதுங்க நெசமாவே படிக்குதுங்க!” என்று நிர்வாகியிடம் போய்ச் சொன்னதும் அவர்தான்.

நிர்வாகி வருவதற்கு முந்தின நாளான அன்றைக்கு மட்டை அடித்த அடியில் ‘அம்ப்ரெல்லா’ அட்டை இரண்டாகக் கிழிந்தது. போனால் போகிறது என்று அதே பேனாவால், அதே அளவில் புதிதாக ஒன்று எழுதி மற்றவற்றோடு வைத்தாள்.

“அம்ப்ரெல்லா!”

மட்டை இரண்டும் அந்தரத்தில் நின்றன. பிள்ளைகள் தரையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள்.

“டீச்சர், அம்ப்ரெல்லாவைக் காணோம்” என்றாள் சில்வண்டு. வாய் ஓயாத அந்தப் பெண்ணுக்கு வகுப்பே வைத்த பெயர் அது.

“காலுக்குக் கீழயே இருக்கு பாரு!”

சில்வண்டு குனிந்து பார்த்தாள். “இது இல்ல டீச்சர். அதுல மூலை மடிஞ்சிருக்கும்.”

“மூலையா?”

“ஆமா. மூலை மடிஞ்சா அம்ப்ரெல்லா. டீக்கறை இருந்தா எலிஃபன்ட். பல்லு பட்டிருந்தா டைகர்.”

“பல்லா? யாரு பல்லு?”

எல்லாரும் ஒருவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

“விண்டோவை வெயில்ல சாய்ச்சுப் பாத்தா எண்ணெய் மாதிரி மினுங்கும். இவன்தான் கண்டுபிடிச்சான். நாங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டோம் டீச்சர்!” என்று சில்வண்டு பெருமையாகச் சொன்னாள். அதில் கள்ளத்தனம் துளியும் இல்லை. டீச்சர் ஒரு வேலை கொடுத்தார், அவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள், கண்டதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

டீச்சர் ஒன்றுமே எழுதாத வெள்ளை அட்டையை எடுத்து, மூலையை மடித்துத் தூக்கிப் பிடித்தாள். “இது என்ன?”

“அம்ப்ரெல்லா!” என்று கூரை அதிரச் சொன்னது வகுப்பு.

அவள் அட்டையை இறக்கினாள். அப்படியானால் இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகள் படித்தது கறையை. காதும் வாயும் தேறியிருந்தன, அதில் சந்தேகமில்லை. எலிஃபன்ட் என்றால் யானை என்று தெரியும், சொல்லவும் தெரியும். ஆனால் எழுத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியத்தை அவளும் வைக்கவில்லை. ஒரே கட்டு அட்டையைத் தினமும் பரப்பியது அவள்தானே!

மாலையில் நடையில் கணக்கு சார் எதிர்ப்பட்டார். “என்ன டீச்சர், இன்னைக்கு உங்க வகுப்புல சத்தத்தையே காணோம்? தொண்டை கட்டிக்கிச்சா?”

“சார், உங்க பிள்ளைங்ககிட்ட நடுவுல இருந்து ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா சொல்லுவாங்களா?”

“ஏன் சொல்லாம? ஏழொண்ணு ஏழுல ஏறி, வரிசையா வந்து சேந்துருவாங்க.”

“வழியில யாராச்சும் குறுக்க பேசினா?”

“மறுபடி ஏழொண்ணு ஏழுதான்” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ஏம்மா, எதாச்சும் ஆயிடுச்சா?”

“ஒண்ணும் ஆகல சார்” என்று சொல்லிவிட்டு, பேருந்துக்குக்கூட நிற்காமல் வீடு வரை நடந்தே போனாள்.

வீட்டில் அண்ணி சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாத்தனார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கும் சமையற்கட்டுக்குமாக அலைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“டீச்சரம்மா, சோறு உள்ள போகணும்னா ஆளு ஒரு இடத்துல நிக்கணும். என்னன்னு சொல்லேன்.”

சொன்னாள். அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பல்லு பட்டா டைகரா! அடேங்கப்பா, பொழச்சுக்குங்கடி அதுங்க!”

“சிரிக்காதீங்க அண்ணி. நாளைக்கு என் பொழப்பு நாறப்போகுது.”

“இதுல என்ன இருக்கு? நானும்தான் கடையில பெட்டியோட நெறத்தைப் பாத்துத்தான் கையை நீட்டறேன். கம்பெனிக்காரன் நெறத்தை மாத்தினா கொஞ்ச நாளு தடுமாறுவேன்.”

“பேரைப் படிக்காமலேயா குடுக்கறீங்க?”

“அய்யோ, படிக்காம குடுப்பேனா? கை நெறத்தைப் பாத்துப் போகும். கைக்கு வந்தப்புறம் கண்ணு பேரைப் படிக்கும். படிக்கத் தெரிஞ்சதாலதான் நெறத்தை நம்பறேன்.” அண்ணி தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “நான் சொல்றதைக் கேளு. பழைய அட்டையையே எடுத்துட்டுப் போ. மூலை மடிஞ்சிருக்கா, கறை இருக்கான்னு வர்றவங்க யாரு பாக்கப்போறா? நாளைக்குக் கைதட்டு வாங்கிக்க. நாளன்னிக்கு உக்காந்து சரி பண்ணு.”

அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. புது அட்டைகள் வெட்டி, எல்லாச் சொற்களையும் ஒன்றுபோலக் கறையில்லாமல் எழுதிவைத்தாள். காலையில் பையில் இரண்டு கட்டும் இருந்தன.

மறுநாள் வகுப்பின் பின்சுவரோரம் பெற்றோர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நிர்வாகியும் பெரிய டீச்சரும் அவர்களுக்கு முன்னால் நாற்காலியில். எறும்புக் குரல், பூதக் குரல் எல்லாம் அமோகமாக நடந்தன. ‘டீச்சர் சொல்கிறார்’ என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும், சேர்க்காமல் ‘ஸ்டாண்ட் அப்’ என்றால் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்ற ஆட்டத்தில் நிர்வாகியே ஏமாந்து பாதி எழுந்துவிட்டார். சுவரோரம் சிரிப்பு.

“அந்த அட்டை ஆட்டம் இருக்காமே, அதைக் காட்டுங்க. பெரிய டீச்சர் அதைத்தான் ரொம்பச் சொன்னாங்க” என்றார் அவர்.

டீச்சரின் கை பைக்குள் போய்ப் பழைய கட்டை எடுத்தது. தரையில் முதல் அட்டையை வைத்தாள். மட்டையோடு நின்ற சில்வண்டின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அட்டையின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நடுவில் எழுதியிருந்த சொல்மேல் அது இம்மியும் நிற்கவில்லை. நேற்றுவரை இதே கண்ணை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அது எங்கே போகிறது என்று தெரிந்தது. தெரிந்த பிறகு அடுத்த அட்டையை வைக்கக் கை வரவில்லை.

பழைய கட்டைப் பையில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துப் பரப்பினாள்.

“இன்னைக்குப் புது அட்டை. இதுல கறை கிடையாது, மடிப்பு கிடையாது, யாரும் கடிக்கல. ஆனா ஒவ்வொரு சொல்லுக்குள்ளேயும் ஒரு அடையாளம் ஒளிஞ்சிருக்கு. நீங்கதான் பெரிய ஆளுங்களாச்சே, கண்டுபிடிங்க பாப்போம். டைகர் எங்க?”

வகுப்பு திகைத்தது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தரையில் குப்புறப் படுத்தார்கள். அட்டைகளை மோந்துகூடப் பார்த்தார்கள். அவள் டைகரை எடுத்துக் காட்டினாள். “இதுதான். இதுல என்ன தெரியுது?”

அட்டை கை கையாகச் சுற்றி வந்தது. நிர்வாகி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் உதவி செய்யலாமா, கூடாதா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“நடுவுல ஒரு எழுத்துக்கு வாலு தொங்குது” என்றான் அட்டையைக் கடித்தவன்.

“புலிக்கு நடுவுலயா வாலு?” என்றது இன்னொன்று. வகுப்பு சிரித்தது. ஆனால் அடுத்த முறை டைகர் என்று கூவியபோது மட்டை தேடித்தேடி அதன்மேலேயே விழுந்தது. விண்டோவுக்கு முதலிலும் கடைசியிலும் ஒரே கோணல்மாணல் எழுத்து என்று ஒருத்தி கண்டாள். அம்ப்ரெல்லாவில் இரண்டு குச்சி ஒட்டிக்கொண்டு நிற்பதைச் சில்வண்டு கண்டாள். கண்ட சூட்டில், அம்ப்ரெல்லா என்று கூவியதும் ‘யெல்லோ’வை ஓங்கி அடித்தாள், அதிலும் இரண்டு குச்சி இருந்தது.

“ஏய், அது முதல் எழுத்துக்கு வாலு இருக்குடி! அது வேற!” என்று நாலு பேர் கத்தினார்கள்.

“வீட்டுல வந்து படபடன்னு சொல்லுவாளே, இங்க வந்து முழிக்கறா” என்று பின்னால் சில்வண்டின் அப்பா முணுமுணுத்தது வகுப்புக்கே கேட்டது. மணி அடித்தபோது கைதட்டு வந்தது. மரியாதைக்குத் தட்டுகிற கைதட்டு.

எல்லாரும் போன பிறகு பெரிய டீச்சர் அவளை நடையில் நிறுத்தினார். “நிர்வாகி என்ன கேட்டார் தெரியுமா? ‘இதுக்கா இவ்வளவு சொன்னீங்க’ன்னார். அன்னைக்கு நான் பாத்தப்ப மின்னல் மாதிரி அடிச்சதுங்களே! என்னம்மா ஆச்சு?”

டீச்சர் பையிலிருந்து பழைய கட்டை எடுத்து ஒவ்வொரு அட்டையாகக் காட்டினாள். மடிப்பு, மினுக்கு, பல். பெரிய டீச்சர் டீக்கறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எலிஃபன்டா?”

“ஆமாங்க.”

“இதையே போட்டிருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்ப.”

“ஆமாங்க.”

“அப்ப நெசமா எத்தனை சொல்லு படிக்கறாங்க?”

“மூணு. யெல்லோவையும் சேத்துக்கலாம்னா நாலு. அது சந்தேகம்.”

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிர்வாகிக்கு நான் என்னத்தைச் சொல்ல? சரி, அரையாண்டு வரைக்கும் விடச் சொல்றேன். அப்ப நானே வருவேன். அட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம். பலகையில நானே எழுதுவேன், ஒவ்வொருத்தரா எழுப்புவேன். படிச்சா வகுப்பு உன்னுது. இல்லன்னா நாலு கோடு நோட்டுதான், அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத. இன்னொண்ணு. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதையும் படிக்கணும்.”

டீச்சருக்கு நிம்மதி வரப் பார்த்தது. அதற்குள் அடுத்த பயம் முந்திக்கொண்டது. பிள்ளைகள் இதுவரை பார்த்ததெல்லாம் அவளுடைய கையெழுத்தை மட்டும்தான். வளைவையும் குச்சியையும் அவள் போடுகிற மாதிரி பெரிய டீச்சர் போடமாட்டாரே!

சாப்பாட்டு வேளை முடியும் முன்பே கணக்கு சாரைக் கையோடு இழுத்து வந்துவிட்டாள். கையில் சாக்குக்கட்டியைத் திணித்தாள்.

“எதுக்கும்மா? எனக்கு வகுப்பு இருக்கு.”

“தரையில எழுதுங்க சார். டைகர், யெல்லோ, விண்டோ, அம்ப்ரெல்லா. பெரிசா. உங்களுக்கு எப்படி வருதோ அப்படி.”

“மூட்டு வலிக்காரனைத் தரையில உக்கார வைக்கறீங்களே, இது அடுக்குமா?” என்று முனகிக்கொண்டே அவர் குந்தினார். அவருடைய எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்தவை போல வலப்பக்கம் சாய்ந்திருந்தன. தரை என்பதால் இன்னொரு வசதி. மிதித்தால் அழியும், அழிந்தால் மறுபடி எழுத வேண்டும், ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருக்காது. அடையாளம் பதிய இடமே இல்லை.

அவள் கிழித்த கோட்டிலிருந்து, கூவுகிற சொல்மேல் ஒற்றைக்காலில் குதிக்க வேண்டும் என்பது ஆட்டம். பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால் முண்டியடித்தார்கள். சில்வண்டு முதலில் வந்து ஒற்றைக்காலில் நின்றாள்.

“இதை யாரு எழுதினது? எல்லாம் விழுந்து கெடக்கு!”

“நானுதான்டி, வாயாடி” என்றார் கணக்கு சார்.

“டைகர்!” என்று கூவினாள் டீச்சர்.

சில்வண்டு குதிக்கவில்லை. தூக்கிய கால் ஆட, கைகளை விரித்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. கண் இந்த முறை ஓரத்துக்குப் போகவில்லை. முதல் எழுத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து போயிற்று. டீச்சரும் தன்னை அறியாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி காத்திருந்தாள்.