செவ்வாய்க்கிழமை பச்சை

எந்த நாடு எப்போது கதவைத் திறக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அல்மாத்தி நகரில், ஒரு விமானக் கம்பெனியின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறான். அடக்கம் கருதிப் பெயர் சொல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் அது நான்.

கொரோனாவின் இரண்டாவது வசந்தம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பரிசோதனை முடிவு வரும்வரை ஓட்டலில் அடைந்து கிடக்க வேண்டும். அங்கே கட்டில் காலியானால்தான் அடுத்த விமானம் இறங்கலாம். அதற்கு நான் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு செய்திருந்தேன். பச்சை என்றால் பறக்கும், சிவப்பு என்றால் பறக்காது.

பக்கத்து மேசை ஜெய்னெப் அக்காவுக்கும் இதே வேலைதான். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு பை மொச்சைக்கொட்டை. டீக்கோப்பையை நகர்த்திவிட்டு, வரிசைக்கு மூன்று குவியலாக மூன்று வரிசை வைத்துக் குறி பார்ப்பாள்.

“கடைசி வரிசைதான் கால், பயணத்தைச் சொல்றது. நடுக்குவியல் ஒத்தப்படையா வந்தா வண்டி கிளம்பும்.”

“பார்த்து முடிச்சதும் சூப்புல போட்ருவீங்களாக்கா?”

“சிரிடா மெயிர்ஜான், சிரி. உன் பச்சைக்கு மந்திரி கையெழுத்து போட்ருக்காரா?”

என் சொந்த அக்கா அய்மான் எட்டு மாதக் கர்ப்பத்தோடு இஸ்தான்புல்லில் மாட்டிக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்கு மேல் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்கு டிக்கெட் வைத்திருந்தாள். என் கணக்கில் சனி சிவப்பு, செவ்வாய் பச்சை. மாற்றச் சொன்னேன், மாற்றினாள். சனிக்கிழமை விமானம் ஜம்மென்று வந்து இறங்கியது.

ஞாயிறு மதியம் நான் ஆபீஸில் இருந்தபோது போன் செய்தாள்.

“திங்கட்கிழமை கட்டிலெல்லாம் காலியாகும்னியே, எப்படிடா?”

“காலையில ரிசல்ட் வரும், எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“யாரு குடுப்பா? நாளைக்கு நவ்ரூஸ்டா! புத்தாண்டும் அதுவுமா லேப்ல எவன் இருப்பான்?”

பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் விடாமல் விருந்து தின்ற பண்டிகை. ஊர் உலகத்து எல்லைகளையெல்லாம் கணக்கில் சேர்த்தவன், சொந்த ஊர் லீவைச் சேர்க்கவில்லை.

“அம்மா கூட இல்லாம நான் இங்க தனியாப் பெத்துக்கவா?” என்றாள். அதில் கிண்டல் இல்லை.

செவ்வாய் விமானத்துக்கு மட்டும் விலக்கு கேட்டு சுகாதாரத் துறைக்கு எழுதினோம். சாயங்காலம் சொல்கிறோம் என்றார்கள். என் திரையில் செவ்வாய் வெட்கமே இல்லாமல் பச்சையாகவே இருந்தது.

எல்லோரும் டீக்குப் போனார்கள். ஜெய்னெப் அக்கா பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கொட்டினேன், குவித்தேன். கடைசி வரிசை, நடுக்குவியல்: இரண்டு.

ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது விஞ்ஞானம் ஆகாது. மறுபடி கலைத்தேன்.