கத்தரிக்காயின் இரண்டு மணி நேரம்

மணி ஒன்று. தகரப் பெட்டிக் கேமராவின் ஊசித்துளையை மூடியிருந்த கறுப்பு நாடாவை ரஃபேலா உரித்தாள். மூன்று மணிவரை துளை திறந்திருக்கும். அதுவரை மேசைமேல் எது அசையாமல் இருக்கிறதோ அதுதான் படத்தில் விழும். அசைந்ததெல்லாம் வெறும் புகை.

நேப்பிள்ஸ் காட்சிக்கூடத்தில் அவளுடைய ஒன்பது உணவுப் படங்கள் மாட்டியாயிற்று. பத்தாவது ஆணி காலி. நாளை திறப்பு. பெட்டிக்குள் இருப்பதோ கடைசிப் படத்தாள்.

நடுமேசையில் பார்மிஜானா. அடுக்கடுக்காய்க் கத்தரிக்காய், உருகும் சீஸ், எட்டுத் துண்டுகள். சுற்றிலும் மதிய விருந்துக்கு வந்த உறவினர் ஏழு பேர்.

“மூணு மணிவரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது.”

“வேடிக்கை பாக்கவா என்னைக் கூப்பிட்ட?” என்றான் அண்ணன் கத்தெல்லோ.

பாஸ்தாவை வடித்துக்கொண்டு திரும்பினாள். பத்தே நிமிடம். ஏழு துண்டுகளைக் காணோம்!

“ஆற விட்டா பாவம்டி,” என்றான் அண்ணன், மீசையைத் துடைத்தபடி.

கத்தப்போனவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு துண்டு இருந்தது. பந்தியில் கடைசித் துண்டை எடுப்பவனை அந்த ஊர் பத்து வருஷம் சொல்லிச் சிரிக்கும். அது அப்படியே கிடந்தால்? ‘தொடாதே’ என்று சொல்லக் கூடாது. சொன்னதன் பலனைத்தான் பார்த்தாயிற்றே.

இரண்டேகால். அண்ணனின் முள்கரண்டி மெல்ல நகர்ந்தது. தட்டுக்கு நாலு விரல் தூரம். ரஃபேலா மூச்சை அடக்கினாள்.

“எடு, எடு,” என்றாள் அண்ணி நுன்சியாத்தா. “உங்கப்பன் வளர்த்த லட்சணம் தெரியட்டும்.”

கரண்டி ரொட்டிப் பக்கம் திரும்பியது. ரஃபேலாவுக்கு உயிர் வந்தது. வந்த உயிரை அண்ணியே மறுபடி வாங்கினாள்.

“பாவம், சமைச்சவ ஒரு வாய்கூடச் சாப்பிடல. இந்தா, நீ போட்டுக்க.” கை தட்டை நோக்கி நீண்டது.

“வேணாம் அண்ணி! வயிறு ரொம்பிடுச்சு!”

“பாஸ்தாவையே இன்னும் தொடல. எதால ரொம்புச்சு?”

“நீங்க எல்லாரும் சாப்பிட்டதைப் பாத்தே.”

“கேட்டியா?” அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். “இதுதான் நாசூக்கு. கத்துக்க.” கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மூன்று அடித்தது. ரஃபேலா துளையை மூடி, படத்தைக் கழுவப் பெட்டியோடு இருட்டுக் குளியலறைக்கு ஓடினாள்.

ஆறு மணிக்குக் காட்சிக்கூடத்துக்கார அம்மாள் மதில்தே வந்து, ஈரம் காயாத படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேசையைச் சுற்றி ஏழு புகைமூட்டங்கள். நடுவில், சீஸின் ஒவ்வொரு மடிப்பும் தெரிய, ராஜா மாதிரி ஒற்றைத் துண்டு.

“ஏழு பேர் சாப்பிட்ட மேசையா?” அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இதுக்குப் பேரே வைக்க வேணாம். இந்த ஊர்க்காரன் எவன் பாத்தாலும் புரிஞ்சுக்குவான். பத்தாவது ஆணி இதுக்குத்தான்.”

கத்தெல்லோ எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“ரெண்டு மணி நேரம் இடிச்ச புளி மாதிரி உக்காந்திருந்தேன். என் மீசைகூட விழலையே!”

“வாய் ஓயாம அரைச்சா எப்படி விழும்?” என்றாள் அண்ணி.

ரஃபேலா ஆறிய பாஸ்தாவை முன்னால் இழுத்துக்கொண்டு, அன்றைய முதல் வாயை வைத்தாள். அமிர்தமாக இருந்தது.