ஓட்டக்காரன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு

எங்கள் மாடியில் துணி காயப்போட்டால் சுடலைமணியின் பள்ளிக்கூட மைதானம் முழுதாகத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் துணி அடிக்கடி நனைகிறது. வேறு காரணம் இல்லை.

பள்ளியின் வாசலில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ஊர் அதை ஓட்டக்காரன் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்கிறது. கோவிலில் ஆடிச்சுற்றுச் சுற்றுகிறவர்களை விட்டால், சங்கரன்கோவிலில் சுற்றிச் சுற்றி ஓடியே முன்னுக்கு வந்தவன் சுடலைமணி ஒருத்தன்தான். நானூறு மீட்டர் ஓட்டம். அதை வைத்து ரயில்வேயில் வேலை. முட்டி போன பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளி கட்டினான். "பிறந்த மண்ணுக்கு என் கைம்மாறு" என்று திறப்பு விழாவில் பேசினான். எல்லோரும் கை தட்டினோம். கைம்மாறு மண்ணுக்கல்ல, ஒரு மனுஷனுக்கு என்று எனக்கு மட்டும் தெரியும்.

நானும் அவனும் பதினொன்றாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள். மாவட்டப் போட்டிக்கு அவன் பாளையங்கோட்டை போகவேண்டிய காலையில், கணக்கு வாத்தியார் குருசாமி கதவைப் பூட்டி டெஸ்ட் வைத்தார். சுடலைமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் போவதைப் பார்த்தான். "டெஸ்ட் முடியட்டும்லே" என்றார் வாத்தியார். போதாததற்கு, வாரத்தில் இருந்த இரண்டு பி.டி. பீரியடையும் வருஷம் முழுக்க அவரே கணக்குக்குப் பிடுங்கிக்கொண்டார்.

அதே வாத்தியாரைத்தான், பள்ளி திறந்த மறுவாரம், கார் அனுப்பி வேலைக்கு அழைத்து வந்தான். வயது எழுபத்திரண்டு. "எங்கிட்டப் படிச்ச பய. கால்ல விழாத கொறையாக் கூப்பிடுதான்" என்று டீக்கடை, மருந்துக்கடை, கோவில் பிராகாரம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் அவர் வேலையில் சேர்ந்தார்.

ஒன்பதாம் வகுப்பு. அவர் சாக்பீஸை எடுத்துத் தேதி எழுதி முடிப்பதற்குள் விசில் கேட்கும். பி.டி. மாஸ்டர் லிங்கேஷ் வாசலில் நிற்பான்.

"சார், இந்தப் பீரியட நான் எடுத்துக்கிடுதேன்."

பிள்ளைகள் மடை திறந்த மாதிரி வெளியே பாய்வார்கள். காலி பெஞ்சுகளுக்கு நடுவே வாத்தியார் சாக்பீஸோடு நிற்பார். தினமும் இதே கதை. தாளாளர் அறையில் சுடலைமணி டீயைக் குடித்துக்கொண்டே கேமராவில் அதைப் பார்க்கிறானாம். பள்ளிக்கூட ஆயா பேச்சித்தாய் வந்து சொன்னாள்.

"என்னத்தட்டி அப்படிப் பாக்கான்?"

"அந்த மனுசன் மூஞ்சியத்தாங்க்கா. சினிமா பாக்க மாதிரில்லா பாக்காரு."

முதல் வாரம் வாத்தியார் முகம் சுண்டித்தான் கிடந்தது. இரண்டாம் வாரம் செய்தித்தாள் கொண்டுவந்தார். மூன்றாம் வாரம், காற்று ஊதுகிற தலையணை. அவர் குறட்டையைக் கேமராவில் பார்த்த சுடலைமணி வகுப்புக்கே பாய்ந்து வந்துவிட்டான். ஜன்னல் திறந்திருந்தது. என் காதும்தான்.

"சார், ஒங்களுக்குக் கோவமே வரலையா?"

"எதுக்குய்யா? முப்பத்தஞ்சு வருசம் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. நீ நல்லாருக்கணும்."

"நான் யாருன்னு தெரியுதா?"

"கரஸ்பாண்டன்ட்."

"தொண்ணூத்தஞ்சு. பாளையங்கோட்டைப் போட்டி. என்னய உள்ள வச்சுக் கதவப் பூட்டுனீங்க."

வாத்தியார் நிஜமாகவே யோசித்தார். "நான் எத்தன கதவப் பூட்டிருக்கேன்! நீ எந்தக் கதவுய்யா?"

முப்பது வருஷம் நெஞ்சில் வளர்த்த பகை. எதிராளிக்கு அடையாளமே தெரியவில்லை என்றால் ஒருத்தன் என்ன செய்வான்? மறுநாளே கால அட்டவணை மாறியது. ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லாக் கணக்கும் குருசாமி வாத்தியாருக்கு. அது போதாதென்று எல்லா பி.டி. பீரியடும் கணக்காயிற்று. மூச்சுவிட நேரமில்லை. அவருக்குத் தொண்டை கட்டியது, கால் வீங்கியது. வேலையை விடலாம்தான். விட்டால் ஊர் சிரிக்கும். முதலில் நான் சிரிப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

சுடலைமணி மறுபடி தெம்பாக டீ குடித்தான். மைதானத்தில்தான் ஈ காக்கை இல்லை. லிங்கேஷ் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சும்மா திரிந்தான்.

இதில் ப்ரியதர்ஷினி என்ற பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்பு, சுடலைமணியைப் போலவே நானூறு மீட்டர். குருவிகுளத்தில் அவள் ஓடுவதைப் பார்த்து, அவனே வீடு தேடிப் போய் அழைத்து வந்தான். "ஒன்ன நான் ஓட வைக்கேன் மக்கா" என்று அவள் அப்பா முன்னால் சொன்னவன்.

குறுவட்டப் போட்டி கரிவலம்வந்தநல்லூரில். அன்று காலை வேன் வந்து நின்றது. அன்றைக்கே வாத்தியாரை நாள் முழுக்க நிற்க வைக்க ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டெஸ்ட் போட்டிருந்தான் சுடலைமணி.

"அண்ணாச்சி, போட்டி இன்னைக்கு. டெஸ்ட்ட நாளைக்கு வச்சுக்கிடுவோமா?" என்றான் லிங்கேஷ்.

"அட, ஆமால்லா" என்று சுடலைமணி தலையாட்டப் போனான். அதற்குள் உள்ளே குருசாமி வாத்தியார் குடையையும் தலையணையையும் எடுத்துவிட்டார்.

"அப்பாடா! அப்ப நான் வீட்டுக்குப் போயித் தூங்கட்டா?"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது.

"யாரும் போகண்டாம். டெஸ்ட் நடக்கட்டும்."

"ப்ரியதர்ஷினி ஓடணும் அண்ணாச்சி. அடுத்த வருசம் இந்தப் பிரிவுக்கு அவளுக்கு வயசு தாண்டிரும்."

"நடக்கட்டும்ங்கேன்லா!"

கதவை இழுத்து வெளியே பூட்டினான். வேன் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ப்ரியதர்ஷினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வேனைக்கூட அவள் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாடியிலிருந்தே கத்தினேன்.

"ஏலே சுடலை, அந்தப் பிள்ள ஒனக்கு என்னலே செஞ்சுது?"

நிமிர்ந்து பார்த்தான்.

"டெஸ்ட் முடியட்டும்" என்றான்.

உள்ளே குருசாமி வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து தலையணையை ஊதத் தொடங்கியிருந்தார்.

பள்ளிக்கு அடுத்தாற்போல் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தரிசு கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் வெகுநாளாகச் சொல்கிறார். வேண்டாம் என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை முகத்தை நான் பார்த்தேனே. இன்னும் முப்பது வருஷத்தில் பள்ளிக்கூடம் கட்ட இடம் தேடி வருவாள். சுடலைமணிக்கு அப்போது எழுபத்தேழு இருக்கும். வேலைக்கு எடுக்கத் தோதான வயசுதான்.