வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாமை

1

இந்தக் கதை என் முதுகுவலியில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரிய தரிசனம் எதுவும் கிடையாது. உட்கார்ந்து எழுத முடியவில்லை. சாய்ந்து எழுத ஏதாவது மலிவாகக் கிடைக்குமா என்று மெல்பர்ன் தமிழர்களின் ஃபேஸ்புக் குழுவில் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது.

"மணப்பெண் அலங்காரச் சாமான்கள் முழுவதும் விற்பனைக்கு. சாய்கதிரை, பெரிய கண்ணாடி, லைட். ஒரு வருசம்கூடப் பாவிக்கேல்லை. வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாமை. ட்ருகனினா."

ட்ருகனினா மெல்பர்னின் மேற்கு ஓரம். கதிரையைக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். "ஓம், கிடக்கு. ஞாயிறு காலமை வாங்கோ. வழி கேக்கிறதெண்டா இவற்ற நம்பருக்கு எடுங்கோ" என்று ஒரு பெண் பதில் போட்டாள். அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஓர் ஆண் எடுத்தார்.

"கதிரையோ? அது வித்தாச்சு."

பிறகு இருமினார். இருமல் அடங்க வெகுநேரமானது. "வித்தாச்சு, தங்கச்சி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

ஒரே வீடு, ஒரே கதிரை, இரண்டு பதில். என் கையில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். இனி வருவது முழுக்க நான் கட்டுவது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

[ட்ருகனினாவின் கிடங்குக் கூரைகள் மேல் பனிக்காலத்து வெயில் சோம்பலாக]

வேண்டாம். வெயிலிலும் மழையிலும் கதை தொடங்குவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

[அருந்தவன் நல்லவன்.]

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசிவரை அவனுக்கு வக்கீலாக வாதாட வேண்டிவரும்.

அருந்தவனுக்கு முதலில் தொண்டைதான் அரித்தது. இது பரவாயில்லை, இதை வைத்துக்கொள்கிறேன்.

பெயர் நான் வைத்தது. நாற்பத்தைந்து வயது, கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். வாலிபத்திலிருந்து பிடித்த சிகரெட்டை இந்த வருடம் விட்டான். கேரம் டவுன்ஸ் கோயிலில் சிவன் சந்நிதிக்கு முன்னால், மனைவி தாட்சாயினி காது கேட்க, "இனித் தொடமாட்டன்" என்றான். சொன்னபடியே தொடவும் இல்லை. அந்த விஷயத்தில் அவனை நீங்கள் நம்பத்தான் வேண்டும். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே, தமிழர் தலையே தெரியாத பேட்டையாகப் பார்த்துக் காரோட்டிப் போய், ஒரு மருந்துக்கடையில் வேப் என்கிற மின்சிகரெட்டைக் கேட்டான்.* கவுண்டரில் நின்ற பெண்ணின் பெயர்ப்பட்டியில் தாரிணி என்று இருந்தது.

"தமிழா சார் நீங்க?"

அருந்தவனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"முதல் தடவையா? தொண்டை கொஞ்சம் வறளும். இதுல புரொப்பிலீன் கிளைக்கோல்னு ஒண்ணு இருக்கு சார், சிலருக்கு அது ஒத்துக்காது. தடிப்பு, அரிப்பு, விடாத இருமல், எது வந்தாலும் நிறுத்திட்டு இங்க வாங்க. ஒட்டுற பேட்ச், மெல்லுற கம்னு வேற வழி இருக்கு. சரியா?"

"ஓம், ஓம்."

அவன் ஒன்றையும் கேட்கவில்லை. இந்தப் பெண் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வருகிறவளா என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

* இங்கே வேப்பைச் சட்டப்படி மருந்துக்கடையில்தான் விற்கலாம், அதுவும் மருந்தாளரிடம் பேசிவிட்டு. நான் சிகரெட்டையே தொட்டதில்லை. அவனுடைய முதல் இழுப்பைப் பலமுறை எழுதிப் பார்த்தேன், எல்லாமே கற்பூரம் காட்டுவதுபோல் வந்தது. ஆகவே அந்த இடம் இந்தக் கதையில் இல்லை.

3

இதுவரை எழுதியதை ரஞ்சினிக்குப் படித்துக் காட்டினேன். நான் திருச்சிக்காரி, யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு எனக்குக் காதோடு சரி. ரஞ்சினி பருத்தித்துறைக்காரி, என்னோடு வேலை பார்ப்பவள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

"ஹம்சா, மனுசனுக்கு அரிச்சா எங்கட ஆக்கள் உடன டொக்டரிட்டப் போவினம் எண்டு நினைக்கிறீங்களோ? கிரந்தி எண்டுவினம். முதல் வேலையா கத்தரிக்காய நிப்பாட்டுவினம்."

உடம்பில் சொறி கிளப்பும் சாப்பாட்டைக் கிரந்தி என்பார்களாம். இது தெரியாமல் நான் அவர்களை ஸ்கின் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பிவைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே தாட்சாயினி கத்தரிக்காயை நிறுத்தினாள். அரிப்பு நிற்கவில்லை. இறாலும் நண்டும் போயின. தக்காளி போனது. குசினியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேற வெளியேற, அருந்தவன் எதிர்ப்பேச்சில்லாமல் வெறும் பருப்பையும் சோற்றையும் சாப்பிட்டான். உதட்டோரம் சிவந்து தோல் உரிந்தது. வேப் பிடிக்கும் விரலிடுக்கிலும் தடிப்பு. வேலை விட்டு வரும் வழியில் காரை ஓரங்கட்டி இரண்டு இழுப்பு இழுத்து, வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான்.

"இண்டைக்கும் சொறியிறியளோ? காட்டுங்கோ பாப்பம்."

"ஒண்டுமில்லையப்பா. வெயில்."

"ஜூலைக் குளிரில என்ன வெயில்?"

வேப்தானோ என்ற சந்தேகம் அவனுக்கும் வராமல் இல்லை. சில நாள் நிறுத்திப் பார்த்தான். வேலையிடத்தில் ஒருவன் சிகரெட் பெட்டியை நீட்டியபோது கை தானாக அதை நோக்கிப் போனது. பயந்துபோய் மறுபடி வேப்புக்கே வந்துவிட்டான்.

4

இப்போது கராஜ். நான் அதைப் பார்த்ததில்லை, விளம்பரப் படத்தில் ஒரு மூலை தெரிந்தது, அவ்வளவுதான். கார் நிற்க வேண்டிய இடத்தில் சாய்கதிரை, கண்ணாடி, வட்டமான லைட். அதற்கு முன் தாட்சாயினி இறைச்சி பொதி செய்யும் ஆலையில் வருடக்கணக்காகக் குளிரில் நின்றவள். தொழில் படித்து, கராஜைச் சலூனாக்கி, இப்போதுதான் கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தாள். தை மாதக் கல்யாணத்துக்குப் பெண்கள் இப்போதே நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கண்ணுக்கு மை இழுத்தபடியே அவள் சொல்வாள்: "இவர் சிகரெட்டை ஒரே நாளில விட்டவர். சரியான மனத்திடம்." சுவருக்கு அந்தப் பக்கம் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அருந்தவனுக்கு அது தெளிவாகக் கேட்கும். அவனை அப்படி யாரும் புகழ்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கேட்கும்போது பிடித்திருந்தது, அதனால்தான் வாய் திறக்கவே முடியாமல் போனது.

மணப்பெண்ணுக்கு எதையும் பூசும் முன் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவிப் பார்ப்பது தாட்சாயினியின் தொழில் பழக்கம். சாப்பாட்டுச் சந்தேகம் எல்லாம் தீர்ந்த ஒரு சனிக்கிழமை, கணவனைக் கதிரையில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னாள். பேனாவால் சின்னச் சின்ன வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு போத்தலின் துளி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், சில வட்டங்கள் சும்மா கிடந்தன, சில சிவந்து தடித்திருந்தன. சிவந்த வட்டத்துப் போத்தல்களை மட்டும் தனியே எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"எல்லாத்திலயும் இது ஒண்டு கிடக்கு. புரொப்பிலீன் கிளைக்கோல்."

அந்தப் பெயரைக் கேட்டதும் மருந்துக்கடை, தாரிணி, அவள் சொன்னது எல்லாம் அவனுக்கு ஒன்றாக நினைவு வந்தது. அவள் கண்டுபிடித்தது சரி. பொருள் அதுவேதான். ஆனால் அவனைப் படுத்துவது இந்தப் போத்தல் ஒன்றும் இல்லை. படுத்துகிற வேப் வெளியே நிற்கும் அவனுடைய காரில் கிடந்தது.

தாட்சாயினி கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"அப்ப நான்தான். கத்தரிக்காயில பிழை, இறாலில பிழை எண்டு திரிஞ்சன். இதைத் தொட்ட கையாலதானே சமைச்சுப் போட்டனான், இவ்வளவு நாளும் நான்தான் உங்களுக்கு நஞ்சு வச்சிருக்கிறன்."

"இல்லை தாட்சா, அது..."

[அது வந்து]

[அருந்தவன் அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும்]

[அவன் சொல்ல வாயெடுத்தபோது கராஜ் கதவை யாரோ]

இல்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. அவனைக் காப்பாற்ற ஆளை அனுப்புவது என்னால் முடிகிற காரியம், செய்ய மாட்டேன். அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

5

"அந்தச் சாமான் இல்லாத போத்தலா வாங்கலாம்தானே?" என்றாள் ரஞ்சினி.

தாட்சாயினி அதையும் வாங்கினாள். பழையதையெல்லாம் வெளியே போட்டாள். அரிப்பு நிற்கவில்லை, எப்படி நிற்கும்? கராஜ் முழுக்க அது ஊறிவிட்டது என்று முடிவுகட்டி, சாமானைப் படம் எடுத்து விளம்பரம் போட்டாள். பழைய ஆலைக்கு ஃபோன் பண்ணி ஆள் வேண்டுமா என்றும் கேட்டுவிட்டாள்.

"உவனெல்லாம் ஒரு மனுசனே!" என்றாள் ரஞ்சினி.

எனக்கும் எழுதும்போதே ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த இருமலை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். "வித்தாச்சு" என்று இரண்டு முறை சொன்னது பெண்டாட்டியின் கதிரை போகக் கூடாதென்று தவிக்கிற ஒரு குரல். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை, வருகிற ஆளையெல்லாம் பொய் சொல்லித் திருப்பி அனுப்ப மட்டும் தைரியம் இருக்கிறது. இப்படிப்பட்ட மனிதரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை வெறுக்க எனக்கு வரவில்லை.

முடிவு சிலது எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போய் அதே சந்நிதியில் ஒப்புக்கொள்கிறான். ரஞ்சினி சிரித்தாள், "கோயில்ல இவ்வளவு சனத்துக்குள்ளயோ?" என்று. இன்னொன்றில் தாட்சாயினி காரில் வேப்பைக் கண்டெடுக்கிறாள். அது எனக்கே பிடிக்கவில்லை. தானாகச் சொல்ல வேண்டியவன் பிடிபட்டுச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது?

மூன்றாவதை எழுதிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதில் கதிரை போகிறது, கராஜ் காலியாகிறது, அருந்தவன் மனம் நொந்து வேப்பை விடுகிறான், யாருக்கும் தெரியாமல். அரிப்பு நிற்கிறது. "பாத்தியளோ, நான் சொன்னனான்!" என்கிறாள் தாட்சாயினி, சந்தோஷமாக. மறுநாள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போகிறாள். அதற்குப் பிறகு அவன் எந்த வாயால் சொல்வான்?

6

ஞாயிறு காலை நான் போகவில்லை. "மன்னிச்சுக்கோங்க, எனக்கு வேற கிடைச்சிருச்சு" என்று தாட்சாயினிக்கு மெசேஜ் போட்டேன். பொய்தான். சோபாவில் குப்புறப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன், முதுகு அப்படியே இருக்கிறது. கதிரை இன்னும் ஒருநாள் அங்கே இருக்கட்டும், அதற்குள் அவனுக்கு வாய் வரட்டும் என்று நினைத்தேன்.

உடனே பதில் வந்தது. "பரவாயில்லை. பின்னேரம் வேற ஆள் வாறாராம். இவற்ற நம்பருக்கு எடுக்கேல்லை, என்னட்டயே நேர கேட்டவர்."

அந்த வேற ஆள் நீங்கள்தான். என்னால் முடிந்தது இவ்வளவே.

வேனைக் கராஜ் பக்கமாகப் பின்னால் எடுத்து நிறுத்துங்கள். கதவைத் திறப்பவள் தாட்சாயினி. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். கதிரையை ஒருமுறை துடைத்துவிட்டு, எப்படிச் சாய்ப்பது என்று அவளே காட்டுவாள், அப்போது அவள் முகத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். அருந்தவன் தூக்கிவிட வருவான். உதட்டோரம் சிவந்திருக்கும். ஒரு பக்கத்தை அவன் பிடிப்பான், மறுபக்கம் உங்களுக்கு. குனியும்போது அவனுக்கு இருமல் வரும். "தள்ளி நில்லுங்கோ, உந்தச் சாமான்தான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதே" என்பாள் அவள். அவன் தள்ளி நிற்க மாட்டான். அவளைப் பார்ப்பான், பிறகு உங்களைப் பார்ப்பான்.

அவசரப்படாதீர்கள். உங்கள் பக்கத்தை நீங்கள் தூக்காதவரை கதிரை அசையாது.