வலது பாக்கெட்

என் புருஷன் டெல்மரின் பேண்ட்டில் எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முப்பத்தொரு வருடமாக அவற்றைத் துழாவிவிட்டுத் துவைக்கப் போடுகிறவள் நான்தானே. இடது முன்பக்கம் சாவிக்கொத்தும் மடக்குக் கத்தியும் செல்போனும். இடது பின்பக்கம் பர்ஸ். வலது பின்பக்கம் எண்ணெய்க் கறை படிந்த கைக்குட்டை. வலது முன்பக்கம் மிட்டாய்.

மிட்டாய் ஆசைக்கு அல்ல. இருபத்தாறு வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன் அவன். ஊசி போட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். முகம் வியர்க்கும், பேச்சு குழறும், குடித்தவன் மாதிரி பிடிவாதம் பிடிப்பான். அப்போது காகிதம் சுற்றிய பழ மிட்டாய் நாலைந்து வாயில் போக வேண்டும், இல்லையென்றால் ஆளே போய்விடுவான். அவனுடைய டயர் கடைப் பையன்களுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: முதலாளி கோணலாகப் பேசினால் வலது பாக்கெட்டில் கையை விடு. சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் மிஸ் ஓப்பலுக்கும் தெரியும். எழுபத்தெட்டு வயது, காது மந்தம், ஆனால் இரண்டு தடவை அவனைக் காப்பாற்றியவர் அவர்தான்.

மார்ச் மாதம் டெல்மர், குடித்துவிட்டு வேலைக்கு வந்த ட்ரெண்ட் என்பவனை வேலையைவிட்டு நிறுத்தினான். ட்ரெண்ட் கத்தவில்லை, அடிக்கவில்லை. வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "நீ எத்தனை மணிக்குக் கடைய பூட்டுவ, வண்டிய எங்க நிறுத்துவன்னு எனக்குத் தெரியும் டெல்மர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து டெல்மருக்குத் தூக்கம் போயிற்று. நாய் குரைத்தால் எழுந்து உட்காருவான். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். வழியில் பயம் வந்ததால் மடியில் கனம் வந்தது.

கனத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் லாய்ட். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும். எங்கள் கல்யாணத்தில் டெல்மருக்குப் பக்கத்தில் நின்றவன். பத்து வருடமாகத் துப்பாக்கி இல்லாமல் அவன் பால் வாங்கக்கூடப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை என் சமையலறை மேசையில் உள்ளங்கை அளவு கைத்துப்பாக்கியையும் அதற்கு ஒரு தோல் உறையையும் வைத்தான். டெல்மரைப் பாக்கெட்டுகளைக் காலி பண்ணச் சொன்னான். மேசை பழைய சாமான் கடை மாதிரி ஆயிற்று.

"இது வலது முன்பக்கம். அந்தப் பாக்கெட்ல வேற எதுவும் இருக்கக் கூடாது" என்றான் லாய்ட். "சாவி கூடாது, சில்லறை கூடாது, ஒரு பல்குத்தற குச்சி கூடக் கூடாது. எதாவது உள்ள போய் விசையில மாட்டிச்சுன்னா தொடை போயிடும்."

"அப்ப மிட்டாய்?" என்றேன்.

"இடது பக்கம் போகட்டும்."

"அவன் கை முப்பது வருஷமா வலது பக்கம் போயிட்டிருக்கு, லாய்ட். அதுகிட்ட யாரு சொல்றது?"

டெல்மருக்குக் கோபம் வந்தது. "என் கைக்கு நான் சொல்லிக்கறேன். நீ என்ன, என் கைக்கு வாத்தியாரா?"

"துப்பாக்கிய இடது பக்கம் வையேன்."

"இடது கையால சுட்டா ட்ரெண்டுக்கு வெச்ச குறி நம்ம வீட்டு மாட்டுக்குப் போகும்" என்றான் லாய்ட். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவிக்கொத்து இடுப்புப் பட்டைக்குப் போயிற்று, நடந்தால் கோயில் மாடு மாதிரி சத்தம். கத்தி பின் பாக்கெட்டுக்குப் போயிற்று, உட்காரும்போதெல்லாம் முனகினான். சட்டைப் பைக்குப் போன செல்போன் இரண்டாம் நாளே பழைய எண்ணெய்த் தட்டில் விழுந்தது. மிட்டாய் இடது முன்பக்கம் போயிற்று. கண்ணாடி முன் நின்று, "மிட்டாய் இடது, மிட்டாய் இடது" என்று சொல்லிக்கொண்டே தட்டிப் பழகினான். ஐம்பத்தெட்டு வயது ஆள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது கைக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியது.

"கடைப் பையன்களுக்காவது சொல்லிடு, மிஸ் ஓப்பலுக்கும் சொல்லிடு. பாக்கெட் மாறிடுச்சுன்னு" என்று கெஞ்சினேன்.

"ஏன் மாறிச்சுன்னு கேப்பாங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா அதுக்குப் பேரு மறைச்சு வெக்கறதா? நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்தச் சத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அன்றிலிருந்து நான் ட்ரெண்டுக்குப் பயப்படவில்லை. அந்தப் பாக்கெட்டுக்குப் பயந்தேன்.

மே மாதம் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்ததால் டெல்மர் பதினொன்றே முக்காலுக்குக் கழிவறையில் ஊசி போட்டுக்கொண்டான். அதற்கு முன் ஒரு சின்ன ஓட்டெடுப்பு இருக்கிறது, ஐந்தே நிமிடம் என்றார் பாஸ்டர் வீலன். ஆராதனை மண்டபத்துக்குப் புதுக் கார்ப்பெட், பச்சையா மெரூனா என்று.

எங்கள் சபையை அறிந்தவர்கள் இங்கேயே பயந்திருப்பார்கள். பாவம், பரிசுத்தம், பரலோகம் எல்லாவற்றிலும் ஒற்றுமையாக இருப்பவர்கள் நாங்கள். கார்ப்பெட் நிறத்தில்தான் சபை உடையும். பச்சைக்காரர்கள் எழுந்தார்கள், மெரூன்காரர்கள் எழுந்தார்கள், செத்துப்போன மூன்று பேருடைய விருப்பம்கூடச் சொல்லப்பட்டது. பன்னிரண்டரை தாண்டியது. நானோ அடுப்படியில், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டைச் சூட்டடுப்பிலிருந்து இரண்டு கையிலும் தடித்த கையுறையோடு எடுத்துக்கொண்டிருந்தேன். சூட்டிலும் பேச்சிலும் மணியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மணி பார்க்கிறவள் அன்று பார்க்கவில்லை.

பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது டெல்மர் முகம் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. யாரும் எதுவும் சொல்லாமலே சிரித்துக்கொண்டிருந்தான்.

மிஸ் ஓப்பல் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். "என்னப்பா டெல்மர், இறங்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவனுடைய வலது பாக்கெட்டுக்குள் விரல்களை நுழைத்தார்.

"மிஸ் ஓப்பல், அந்தப் பாக்கெட் வேண்டாம். இடது. இடது பக்கம்" என்று கத்தினேன்.

"என்னடி சொல்ற? எப்பவும் இதுதானே?"

தட்டை எங்கே வைத்தேன், தெரியாது. நான் கூடத்துக்குள் வருவதற்குள் டெல்மர் அவர் கையைத் தள்ளிவிட்டான். "நானே எடுப்பேன், நான் என்ன குழந்தையா" என்று குழறியபடி தன் கையை உள்ளே விட்டான். அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உறையோடு துப்பாக்கி வெளியே வந்தது. மிஸ் ஓப்பல் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

கார்ப்பெட் பேச்சு நின்றது. ஒரு பெண் குரல் மெதுவாக, "துப்பாக்கி வெச்சிருக்கான்" என்றது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து மேசைக்கடியில் இழுத்தார்கள். ஆண்களில் சிலர் அசையாமல் நின்றார்கள், அவர்களுடைய வலது கைகள் மட்டும் பாக்கெட்டுக்குள் போயின. பள்ளி பஸ் ஓட்டுகிற கார்ல். காணிக்கைத் தட்டு எடுக்கிற மெர்ல். எனக்குப் பல் பிடுங்கிய டாக்டர் ஹாப். பியானோ வாசிப்பவளின் மகன் ட்ராய். சர்ச்சுக்குள் துப்பாக்கி கொண்டுவர வேண்டுமானால் பாஸ்டரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம், அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. இத்தனை வருடம் நான் இத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவில் பாட்டுப் பாடியிருக்கிறேன்.

காபி பாத்திரத்தின் பக்கத்தில், டெல்மரிலிருந்து எட்டடி தூரத்தில் லாய்ட் நின்றான். அவன் கை பாக்கெட்டுக்குள் இல்லை. வெளியே வந்து, தொடையை ஒட்டித் துப்பாக்கியைப் பிடித்திருந்தது. எல்லோர் கண்ணும் டெல்மர்மேல் இருந்ததால் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். லாய்ட் டெல்மரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. நடந்தேன். லாய்டுக்கும் டெல்மருக்கும் நடுவில் போய், லாய்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் முதுகு அகலம், அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

"அவனுக்குச் சுகர் இறங்கிடுச்சு. மிட்டாய்னு நெனச்சிட்டிருக்கான். யாரும் அசையாதீங்க" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது.

டெல்மர் தோல் உறையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஓரத்தைக் கண்டுபிடித்து இழுத்தான். உறை கொஞ்சம் நழுவியது. அந்தக் கறுப்பு வாய் அவன் தாடைக்கு நேராக இருந்தது.

"காகிதம் வரமாட்டேங்குது, நெல்டா" என்றான். அழப்போகிற குரல்.

"குடு, நான் பிரிச்சுத் தரேன்."

"நீ தின்னுடுவ."

"தின்ன மாட்டேன். நான் எப்பவாச்சும் உன் மிட்டாயத் தின்னிருக்கேனா?"

"தின்னிருக்க. ஏரிக்குப் போனப்ப."

இருபது வருடம் முன்னால் ஒன்று தின்றேன். அது ஞாபகம் இருக்கிறது, இடது பாக்கெட் ஞாபகம் இல்லை. அவன் இன்னும் கொஞ்சம் இழுத்தான். நான் கையுறையைக் கழற்றி, பக்கத்து மேசையில் இருந்த, பீச் பழத்தைப் பாகில் போட்டுச் சுட்ட பலகாரத்தில் நாலு விரலையும் விட்டு, பாகோடு வழித்து அவன் வாய்க்குள் திணித்தேன். விரலைக் கடித்தான். பிறகு சப்பினான். இன்னொரு வாய் வழித்துக் கொடுத்தேன், இன்னொன்று. என் இடது கை அவன் கைமேல் இருந்தது. ஐந்தாவது வாய்க்கு அவன் விரல்கள் தளர்ந்தன, அதை வாங்கிக்கொண்டேன். அவன் தொடைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கையுறைக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினேன்.

லாய்டின் கையில் ஒன்றுமில்லை. அவன் ஒரு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது, அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

கால் மணி நேரத்தில் டெல்மருக்குத் தெளிந்தது. சட்டை நனைந்து, உதடு முழுக்கப் பழப்பாகோடு சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் ஏன் சுவரோரமாக நிற்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. "பச்சையா, மெரூனா?" என்று கேட்டான். லாய்ட் ஒரு தட்டில் பன்றித் தொடைக் கறியும் ரொட்டியும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தான், தோளில் கை வைத்தான்.

"பயமுறுத்திட்டியேடா" என்றான்.

டெல்மர் அந்தக் கையை, அதே வலது கையைப் பிடித்துக்கொண்டான். "நல்லவேளை, நீ பக்கத்துல இருந்த."

லாய்ட் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் ஓப்பலின் விரல்களை, காகிதம் வரவில்லை என்று அவன் சொன்னதை, தாடையை. டெல்மர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதான். வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவனும் இந்த ஊர் ஆண்தானே, கேட்காமல் விடுவானா.

"யாரு யாரு துப்பாக்கியில கைய வெச்சாங்க?"

"கார்ல்."

"ம்."

"மெர்ல். டாக்டர் ஹாப். அப்புறம் அந்த ட்ராய்."

அவன் முன் கண்ணாடி வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை வெறும் பாக்கெட்டின்மேல் கிடந்தது.

"லாய்ட்?"

முப்பத்தொரு வருடத்தில் அவனிடம் நான் பொய் சொன்னதில்லை.

"அவன் காபி ஊத்திட்டிருந்தான்" என்றேன்.

டெல்மர் பெருமூச்சு விட்டான். "எனக்குத் தெரியும்" என்றான்.